ஆயில் இறங்கும் நேரம்

லாரியில் உண்மை பேசும் உறுப்பு ஒன்றே ஒன்றுதான். டீசல் முள் பொய் சொல்லும். ஹாரன் தன்னைப் பற்றி இல்லாத பெருமை பேசும். பக்கவாட்டுக் கண்ணாடி பின்னால் வருகிறவனைக் காட்டும், அவன் என்ன நினைப்பில் வருகிறான் என்பதைக் காட்டாது. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கம்பி மட்டும்தான் உள்ளதை உள்ளபடி சொல்லும். அதுவும், அவசரப்படாமல் கேட்டால்.

என் மாப்பிள்ளை அவசரமாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கழுத்தில் கத்தி இருந்தது. கத்தியைப் பிடித்திருந்தவள் என் மகள்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையிடம் ஒரு பழைய லாரி. போன மழைக்காலத்தில் பாலத்தின் மேல் நின்றது. அதற்குப் பிறகு பாலத்தின் கீழ் நின்றது. கடைசியாக, ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதில், அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் ஏறிக் குதித்துத்தான் உள்ளே போனார்கள். பெண்தான் முதலில் குதித்தாள், நான் பார்த்தேன். அன்றைக்கே என் மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அந்த சக்களத்தியை நான் இனிமே வீட்டுல வெச்சுக்க மாட்டேன். புரோக்கர்கிட்ட பேசிட்டேன். வித்துட்டு, மாமா கடையில உக்காந்து நாலு காஜா எடுங்க."

மாமா என்பது அவளுடைய மாமனார், எனக்குச் சம்பந்தி. தையல்காரர். நாங்கள் எல்லோரும் இருக்கிற வீட்டின் கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த அறைதான் அவர் கடை. பட்டனுக்கு ஓட்டை வெட்டி நூலால் ஓரம் கட்டுகிற காஜா வேலைக்கு அவருக்கு ஓர் ஆள் வெகு நாளாகத் தேவைப்பட்டது. மாப்பிள்ளைக்கோ காஜா என்ற சொல்லைக் கேட்டாலே விரல் நுனி வலிக்கும். சின்ன வயதில் எடுத்த காஜாவே இன்னும் ஆறவில்லை என்பார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மெத்தைக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து பேசினார்கள். வாராவாரம் லோடு. வெள்ளை மெத்தை. ஆனால் மெத்தை என்பது மூக்கு வைத்த சாமான், எந்த நாற்றத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, எண்ணெய் ஒழுகுகிற வண்டி, புகை விடுகிற வண்டி வேண்டாம். சூப்பர்வைசர் நேரில் வந்து பார்த்துச் சரி என்றால்தான் லோடு.

"அவர் காலையில வர்றாரு. புரோக்கர் மத்தியானம் வர்றாரு," என்றாள் மகள். "அவர் சரின்னா லாரி. இல்லைன்னா காஜா. அவ்ளோதான்."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பெண்ணைப் பெற்றவனுக்குச் சுவர்தான் துணை.

சூப்பர்வைசர் வருகிற அன்று காலையில் ஆயில் மாற்ற உட்கார்ந்தார் மாப்பிள்ளை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே மகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து எனக்கு ஓர் உத்தரவு போட்டாள்.

"அப்பா, வேலை முடியற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"ஏம்மா?"

"போன தடவை டயர் மாத்தும்போது நீங்க கதை சொன்னீங்க. அவர் நட்டெல்லாம் பாக்கெட்ல போட்டுட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு."

போனார், வாஸ்தவம்தான். ஆனால் சக்கரமும் கூடவே போயிற்று, ஊர் எல்லை வரைக்கும் அதுவும் கதை கேட்டுக்கொண்டே வந்ததால் கழன்று ஓடத் தோன்றவில்லை. இதைச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். சத்தியம் செய்தேன். ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, முற்றத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளைக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கினார். சூடு இருந்தால்தான் பழைய ஆயில் அழுக்கோடு இறங்கும். அடியில் போல்ட்டைக் கழற்றினார். கறுப்பு ஆயில் தடித்த கயிறு மாதிரி தொட்டியில் விழுந்தது. சொட்டு நிற்கும்வரை விட்டார். பழைய ஃபில்டரைக் கழற்றி, புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி மாட்டினார். காற்று ஃபில்டரையும் வெளியே எடுத்துத் தூசி தட்டினார். அதையும் அதன் மூடியையும் காற்றுக் குழாயில் திரும்பப் போடாமல் ஓரமாக வைத்தார். பிறகு புனலை வைத்துப் புது ஆயில் ஊற்றினார். தேன் நிறம். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

மேலே சன்னலில் மகள் நின்றாள். கையில் கடிகாரம் இல்லை, ஆனால் நின்ற விதமே கடிகாரம் மாதிரி இருந்தது.

"ஆச்சா?"

"ஆகுது."

"அவர் கிளம்பிட்டாராம்."

இங்கேதான் கணக்குப் பிசகியது. ஆயில் ஊற்றியதும் இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும், புது ஃபில்டர் தன் பங்கைக் குடிக்கும். அதையும் செய்தார். நிறுத்தினார். நிறுத்திய பிறகு, மேலே ஏறிய ஆயில் எல்லாம் அடித் தொட்டிக்கு இறங்கி வர வேண்டும். அது மாடிப்படி இறங்கும் கிழவனைப் போல வரும். அவசரப்படுத்த முடியாது. என்னைப் பார்த்தாலே தெரியும். மாப்பிள்ளை அந்தக் கிழவன் பாதிப் படியில் இருக்கும்போதே கம்பியை உருவினார்.

கம்பியில் இரண்டு கோடு உண்டு. கீழ்க்கோடு குறைந்தபட்சம், மேல்கோடு அதிகபட்சம். ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

போதாததற்கு எங்கள் முற்றம் சரிவு. கடைப் பக்கம் மேடு, கேட் பக்கம் பள்ளம். எவ்வளவு சரிவு என்றால், போன வருடம் வாங்கிய வட்ட மேசையைக் கடை வாசலில் இறக்கி வைத்தோம், அது கேட்டுக்கு வெளியே போய்த் தெருமுனைக்காரர் வீட்டில் செட்டிலாகிவிட்டது. இப்போது அவர்கள் அதில்தான் சாப்பிடுகிறார்கள். லாரி மூக்கை மேட்டுப்பக்கம் வைத்து நின்றது. ஆயில் பின்பக்கம் ஒதுங்கியது. கம்பி இருப்பது முன்பக்கம். கம்பி என்ன செய்யும் பாவம், தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னது.

மாப்பிள்ளை இன்னும் ஊற்றினார். ஊற்றிய கையோடு பார்த்தார். ஊற்றியது இன்னும் கீழே வந்து சேரவில்லை. மறுபடியும் ஊற்றினார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை.

நான் கையை ஆட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாமா, டீயா?"

நான் உள்ளங்கையை மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினேன். இறங்கட்டும், பொறுங்கள் என்று அர்த்தம்.

"சக்கரை கம்மியா? சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டு, கை கழுவிச் சட்டை மாற்றப் போய்விட்டார்.

வாக்கு வாக்குதான். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து வந்தவர் சம்பந்தி. கழுத்தில் அளவு டேப், காதில் சாக்குக்கட்டி. மகனுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு வந்தார். உலகத்தில் பாதி விபத்துக்கு அதுதான் காரணம். கம்பியை உருவினார். இதற்குள் ஆயில் இறங்கியிருந்தது. சரிவில் நிற்கும்போதே கம்பி மேல்கோட்டைத் தொட்டுக் காட்டியது என்றால், உள்ளே உண்மையில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி யோசித்தார். தையல்காரராக யோசித்தார்.

"என்ன சம்பந்தி இது, கோட்டோட கோடா வெட்டி வெச்சிருக்கான்? தையலுக்குத் துணி விட வேணாமா?"

நான் தலையை வேகமாக ஆட்டினேன்.

"அதானே! உங்களுக்கே புரியுது. நாளைக்கு ஒரு தேவைன்னா பிரிச்சு விட உள்ள ஒரு அங்குலமாவது இருக்கணும்."

அவர் தைத்த சட்டை எதுவும் யாருக்கும் சிறியதாகப் போனதில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தைத்த கால்சட்டையைப் பிரித்துப் பிரித்துவிட்டுக் கல்யாணத்துக்கும் அதையே போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கொள்கைப்படி, கேனில் மீதி இருந்ததை எல்லாம் உள்ளே கவிழ்த்தார். ஓர் அங்குலம் உள்மடிப்பு. மூடியைத் திருகி, மூடியின் மேல் சாக்குக்கட்டியால் ஒரு டிக் போட்டார்.

மாப்பிள்ளை வெளுத்த சட்டையில் வந்தார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

முதலில் ஒரு தும்மல். பிறகு சைலன்சர் வழியாக நீலமாக ஒரு நூல். நூல் கயிறாயிற்று, கயிறு போர்வையாயிற்று. அளவுக்கு மேல் ஆயில் இருந்தால் உள்ளே சுழலுகிற தண்டு அதில் அடித்து நுரையாக்கிவிடும், அந்த நுரை போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். போயிற்று. டீசல் இன்ஜினுக்கு ஆயில் ருசி தெரிந்துவிட்டால் பிறகு அதற்கு டீசல் தேவையில்லை. தன் ஆயிலைத் தானே குடித்துக்கொண்டு ஓடும். அதுவும் நாம் சொல்கிற வேகத்தில் ஓடாது, அதற்கு இஷ்டப்பட்ட வேகத்தில் ஓடும்.

மாப்பிள்ளை சாவியைத் திருப்பி அணைத்தார். இன்ஜின் அணையவில்லை. சாவியை உருவினார். இன்ஜின் முன்னைவிடச் சத்தமாக ஓடியது. கீழே குதித்து, இன்ஜின் முன்னால் நின்று, சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"சாவி என் கையில இருக்குடா!" என்று கத்தினார்.

அது கேட்கிற நிலையில் இல்லை. புகை முற்றத்தை நிரப்பிக் கேட் மேல் ஏறிக் குதித்தது. எதிர் வீட்டு வெள்ளைப் பூனை உள்ளே நுழைந்து சாம்பல் பூனையாக வெளியே வந்தது, அதன் குட்டிகளே அதை அடையாளம் தெரியாமல் சீறின. கடைக் கூரையில் இருந்த புறா ஒன்று பறக்க வழி தெரியாமல் இறங்கி, கால்நடையாகவே தெருவைத் தாண்டிப் போனது. போகும்போது இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்டியது.

சம்பந்தி ஓடிவந்தார். மூடியில்லாமல் திறந்து கிடந்த காற்றுக் குழாயின் வாய்ப்பக்கம் குனிந்து, "என்னடா ஆச்சு?" என்று கேட்டார். இன்ஜின் பதிலாக அவர் கழுத்து டேப்பை ஒரே உறிஞ்சில் உள்ளே இழுத்துக்கொண்டது. நல்ல வேளை, டேப் முடிச்சுப் போட்டிருக்கவில்லை. சம்பந்தி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். டேப் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. கல்யாண மோதிரத்தைக் கழற்றிய ஆள் மாதிரி இருந்தார்.

"வெடிக்கப் போகுது! தள்ளிப் போங்கப்பா!" என்றார் மாப்பிள்ளை. குரலில் அழுகை இருந்தது. அவர் தள்ளிப் போகவில்லை. லாரியோடு வெடித்துவிடலாம் என்று நிற்கிறவர் மாதிரி நின்றார்.

அப்போது மாடிப்படியில் என் மகள் வந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நறுக்கின பலகையோடு வந்துவிட்டாள். புகைக்குள் நேராக நடந்தாள். அந்தக் காற்றுக் குழாயின் வாயில் பலகையைப் பொத்தென்று கவிழ்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

மூச்சு விடாமல் எவனும் ஓட முடியாது. இன்ஜின் ஒரு தடவை குலுங்கியது. இருமியது. லாரி முழுவதும் நடுங்கியது. பிறகு நின்றுவிட்டது.

அவ்வளவு அமைதி. எங்கள் தெருவுக்கு அவ்வளவு அமைதி பழக்கமில்லை.

"எப்படிம்மா தெரியும் உனக்கு?" என்றார் சம்பந்தி.

"கத்துற வாயை மூடினா நிக்கும்னு தோணுச்சு மாமா. இந்த வீட்டுல வேற எதுக்கும் அது வேலை செய்யல, இதுக்காவது செஞ்சிச்சே."

மாப்பிள்ளை கம்பியை உருவினார். ஆயில் இரண்டு கோட்டையும் முழுக அடித்து, கம்பியின் கழுத்துவரை ஏறியிருந்தது. அதையும், காலி கேனையும், மூடிமேல் இருந்த டிக்கையும் வரிசையாகப் பார்த்தார்.

"அப்பா. நீங்களும் ஊத்தினீங்களா?"

"தையலுக்குக் கொஞ்சம்…"

"புள்ளைங்க வளரும்னுதானேப்பா துணி விடுவீங்க? இன்ஜின் வளராதுப்பா!"

சம்பந்தி தலை குனிந்தார். அவர் அதை அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை என்பது தெரிந்தது.

"நீங்க எவ்வளவு ஊத்தினீங்க?" என்றாள் மகள், புருஷனிடம்.

"பார்த்தேன், கம்மியா இருந்துச்சு. ஊத்தினேன். நின்னு நிதானமாப் பார்க்கணும்னு எனக்குத் தெரியாதா? இருவது வருஷமா மாத்தறேன். நீதான் மேல நின்னு ஆச்சா ஆச்சான்னு கேட்டுட்டே இருந்தியே. ஆயில் இறங்கறதுக்குள்ள எனக்குக் கை இறங்கிடுச்சு."

 மகள் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு லாரியையே பார்த்தாள். அவள் சும்மா மாடியில் நின்றிருந்தாலே போதும், அந்த இன்ஜின் வெடித்து, லாரிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதை அவளும் அப்போதுதான் யோசித்தாள் என்று நினைக்கிறேன்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"தெருவுக்கு இறக்கணும், அங்கதான் சமதளம். அதிகமா இருக்கிறதை வடிக்கணும். காத்துக் குழாய்க்குள்ள எண்ணெய் போயிருக்கும், அதைத் துடைக்கணும். அப்புறம் சும்மா இருக்கணும். அப்புறம்தான் பார்க்கணும்."

"சும்மா இருக்கறதுன்னா?"

"சும்மா இருக்கறதுதான். ஆயில் இறங்கணும். அவர் வந்துட்டா என்ன பண்றது?"

"வந்தா வரட்டும்," என்றாள் மகள். "நீங்க சும்மா இருங்க. நான் கேக்க மாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்த வாக்கியம் வந்ததில்லை. மாப்பிள்ளைக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்று இருந்தது, தைரியம் வரவில்லை.

பிரேக்கை விட்டதும் சரிவு லாரியை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டது. அது தெருமுனைக்காரர் வீட்டுக்கு மேசை பார்க்கப் போய்விடாமல், நானும் சம்பந்தியும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தபடியே போனோம். தெருவில் சமமாக நின்றது. மாப்பிள்ளை அடியில் படுத்துப் போல்ட்டைத் தளர்த்தினார். சம்பந்தி கடையிலிருந்து வெட்டுத் துணி மூட்டையைக் கொண்டுவந்து காற்றுக் குழாயைத் துடைத்தார். உள்ளே கையை விட்டு டேப்பையும் மீட்டார். அந்த டேப் அன்றிலிருந்து ஒரு சுற்று நீண்டுபோய்விட்டது. இப்போதெல்லாம் ஊரில் எல்லோரும் இடுப்பு இளைத்துவிட்டதாகச் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார். மெல்லிய ஆள், மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு துணிப் பை. தெருவில் இன்னும் கலையாமல் நின்ற புகையைப் பார்த்தார்.

"கொசு மருந்து அடிச்சாங்களா?"

"கொசு ஒண்ணுகூட இல்ல சார் இப்ப," என்றாள் மகள். பொய்யில்லை. "வண்டியில சின்ன வேலை, முடியப்போகுது. உள்ள வந்து உக்காருங்க." அவரைக் கடைக்குள் உட்கார வைத்துவிட்டு, என் காதருகே வந்தாள். "அப்பா. வாயைத் திறங்க."

"என்னம்மா?"

"ஆயில் இறங்கணும். அதுவரைக்கும் இவரை எழுந்திருக்க விடாதீங்க. உங்க கதையில நல்ல நீளமானதா ஒண்ணு எடுத்து விடுங்க."

கதை என்றாளே, அதில்தான் எனக்கு வருத்தம். நான் நடந்ததைத்தான் சொல்வேன். இருந்தாலும் சமயம் கருதிப் பொறுத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மெத்தைக் கம்பெனியா? நானும் மெத்தைக்கு ஓட்டியிருக்கேன் சார். மெத்தை இல்ல, மெத்தைக்குப் போடுற ஸ்பிரிங்."

"அப்படியா?"

"வண்டி நிறைய ஸ்பிரிங். அமுக்கிக் கட்டினது. மலைப்பாதையில ஒரு பள்ளத்துல விட்டேன். கட்டு எல்லாம் படார்னு அறுந்துபோச்சு. வண்டி ஒரு துள்ளு துள்ளிச்சு."

"ம்."

"கீழ வந்துச்சு. வந்த வேகத்துக்கு இன்னும் உசரமாத் துள்ளிச்சு. சோதனைச் சாவடிக்காரன் கட்டையை இறக்கி வெச்சுட்டு நின்னான். அவன் தலைக்கு மேல போனேன். மேல போகும்போதே வணக்கம் சொன்னேன், அவனும் சொன்னான்."

சூப்பர்வைசர் முகத்தில் ஒரு சதை அசையவில்லை. "எந்த கேஜ் ஸ்பிரிங்?" என்றார்.

"தடிமன்."

"தடிமன்னா அவ்வளவு துள்ளாதே. மெல்லிசுதான் துள்ளும்."

"மேல மெல்லிசு, அடியில தடிமன், கலந்து ஏத்தியிருந்தாங்க," என்றேன். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

சன்னல் வழியாகப் பார்த்தேன். போல்ட்டை முறுக்கிவிட்டு, மாப்பிள்ளை நடைபாதையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள்.  சம்பந்தி மட்டும் கம்பி இருக்கும் பக்கமாக இரண்டடி வைத்தார், மகள் விரலைத் தூக்கினாள், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம்?" என்றார் சூப்பர்வைசர்.

"அப்புறம் ஆறு வந்துச்சு. பாலம் அந்தப் பக்கமா இருந்துச்சு. நான் இந்தப் பக்கமாவே தாண்டிட்டேன். நடு ஆத்துக்கு மேல இருக்கும்போது ஒரு யோசனை. இவ்வளவு நேரமா துள்ளுதே, ஆயில் எப்படி இருக்கோன்னு. கதவைத் திறந்து, ஃபுட்போர்டுல நின்னு, கம்பியை உருவிப் பார்த்தேன் சார். ஒரு சொட்டு இல்ல."

"இல்லையா?"

"எல்லாம் மேல ஏறி மூடியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு அது தெரியல. பயந்துபோய் ஊத்தலாம்னு கேனை எடுத்தேன். நல்ல வேளை, அதுக்குள்ள வண்டி தரைக்கு வந்துடுச்சு. ஆகாயத்துல இருக்கும்போது ஆயில் பார்க்கக் கூடாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

சூப்பர்வைசர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "சரிவுல நின்னாலும் பார்க்கக் கூடாது," என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முற்றம் நன்றாகத் தெரிந்தது. காலி கேன் தெரிந்தது. சரிவு தெரிந்தது. இன்ஜின் இருந்த இடத்துச் சுவரில் புதிதாக ஏறியிருந்த கறுப்பும் தெரிந்தது.

"மீதியைச் சொல்லுங்க," என்றார். "இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்னு நினைக்கிறேன்."

இறங்கிய இடத்தில் ஸ்பிரிங்கை எண்ணி வாங்கியவனுக்கும் எனக்கும் நடந்த தகராறை ஆரம்பித்தேன்.

வெளியே மாப்பிள்ளை எழுந்தார். கம்பியை உருவினார், சுத்தமான துணியால் துடைத்தார், மறுபடி அடிவரை இறக்கினார், உருவினார். மேல்கோட்டுக்கு மேலேயே இருந்தது. ஒரு குவளை வடித்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். இந்த முறை ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே, தராசு முள் மாதிரி நின்றது. மனைவியிடம் நீட்டிக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, அதைச் சம்பந்தியிடமும் காட்டச் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை.

மாப்பிள்ளை கடை வாசலுக்கு வந்தார். சட்டை வெளுப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"சார். காலையில ஆயில் அதிகமாப் போயிடுச்சு. அந்தப் பொகை கொசுவுக்கு இல்ல. எங்களுதுதான்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்ல வேண்டாம் என்று அவளுக்கு இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான்.

"எனக்கு மூக்கு இருக்கு," என்றார் சூப்பர்வைசர். "இறக்கிட்டீங்களா?"

"இறக்கிட்டேன் சார். சமமா நிறுத்தி, நிதானமா விட்டுத்தான் பார்த்தேன்."

"எவ்வளவு நேரம் விட்டீங்க?"

மாப்பிள்ளை என்னைக் காட்டினார். "மாமா பேசற வரைக்கும்."

"அப்ப நல்லாவே இறங்கியிருக்கும்," என்று அவர் எழுந்தார்.

துணிப் பையிலிருந்து வெள்ளைத் தலையணை உறை ஒன்றை எடுத்தார். அதுதான் அவர் சோதனை. வண்டியை ஓடவிட்டு, சைலன்சருக்கு முன்னால் உறையைப் பிடிப்பார். உறை பிசுபிசுத்தால் லோடு இல்லை. அவ்வளவுதான், பேச்சுவார்த்தை கிடையாது.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பும் முன் மகளைப் பார்த்தார். அவள் கையில் இன்னும் பலகை இருந்தது. காற்றுக் குழாய்க்கு இப்போது மூடி போட்டாகிவிட்டது, இருந்தும் அதை விட மனம் வரவில்லை.

இன்ஜின் பிடித்தது. நீலமாக ஒரு கொத்துப் புகை. சூப்பர்வைசர் உறையைப் பிடிக்காமல் ஒதுங்கி நின்றார். இன்னொரு கொத்து, கொஞ்சம் வெளுப்பாக. சம்பந்தி தன் டேப்பின் இரண்டு முனையையும் இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு சைலன்சர் வாயில் எதுவும் தெரியவில்லை. சுடுகாற்று மட்டும் அந்தப் பக்கத்துச் சுவரை நெளியவைத்துக் காட்டியது. சத்தம் சீராக இருந்தது. மாப்பிள்ளை அணைத்தார். சாவிக்குக் கட்டுப்பட்டு அணைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடவிட்டார்.

இப்போதுதான் சூப்பர்வைசர் உறையைப் பிடித்தார். வெகு நேரம் பிடித்தார். எடுத்து, விரித்து, வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் சாம்பல் பூசினாற்போல ஒரு வட்டம். கட்டை விரலால் தேய்த்தார். விரலை முகர்ந்தார். மறு விரலோடு உரசிப் பார்த்தார்.

யாரும் மூச்சு விடவில்லை. லாரி மட்டும் விட்டது.

"உலர்ந்த கரி," என்றார். "இது எல்லா வண்டிக்கும் வரும். எண்ணெய் இல்ல." உறையை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "மத்தியானம் கிடங்குக்கு வந்துடுங்க. ஏத்தறதுக்கு ஆள் இருப்பாங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க கூட வரவேணாம். எங்க ஆளுங்க வேலை செய்யணும்."

அவர் தெரு திரும்பியதும் மகள் போனை எடுத்தாள். புரோக்கர் ஏற்கெனவே கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. அவர் பக்கத்துப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை, அவள் பேசியது கேட்டது.

"இல்லைங்க, வர வேணாம். விக்கல… ஆமா, நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்… பொகையா? அங்க வரைக்கும் தெரிஞ்சுதா? அது ஒண்ணும் இல்ல, இறங்கிடுச்சு… இல்லைங்க. எவ்வளவு சொன்னாலும் இல்ல."

போனை வைத்துவிட்டு, லாரியின் படியருகே போனாள். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். திரும்பினால் ஏதாவது மாறிவிடும் என்று பயந்தவர் மாதிரி.

"இங்க பாருங்க," என்றாள். "லோடு இறக்கிட்டு வந்து நிறுத்தினதும் கம்பியைத் தூக்காதீங்க. சாப்பிட உக்காருங்க. சாப்பிட்டு, கை கழுவிட்டு, அப்புறம் போய்ப் பாருங்க."

"ரசம் வரைக்குமா?" என்றார் மாப்பிள்ளை.

"மோர் வரைக்கும்," என்றாள் அவள், கதவை அடித்துச் சாத்தினாள்.